லைன்மேனுக்கு இரண்டு பழம்

கணினி முன்னால் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டதும், மேனேஜர் ஜியாவுல்லா மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு ஏலக்கி வாழைப்பழங்களைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். போகிற அவசரத்தைப் பார்த்தால் மாடியில் ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர் போலிருக்கும்.

மாடியில் அவருக்காகக் காத்திருப்பது ஒரு கிழட்டு ஆண் குரங்கு. வலது காதில் பாதி கிடையாது. முகத்தில் ஓய்வுபெறப் போகிற அரசு ஊழியரின் சலிப்பு. அது உட்கார்ந்திருக்கும் கைப்பிடிச் சுவரின் மூலையில்தான், தெருக் கம்பத்திலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி ஒரு கொக்கியில் மாட்டி, சுவரோரமாக இறங்கி, கீழே வரவேற்பறைக்குள் நுழைகிறது. கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஒட்டு. கம்பி ஆடினால் ஒட்டு அசையும். ஒட்டு அசைந்தால், தென்றல் இல்லம் என்ற அந்த விடுதிக்கும் வெளியுலகத்துக்கும் இருக்கும் உறவு அந்த நிமிடமே அறுந்துவிடும்.

ஆரம்பத்தில் ஜியாவுல்லா கழியை எடுத்து விரட்டிப் பார்த்தார். குரங்கு கழியைப் பிடுங்கிக்கொண்டது. பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கையில் பழம் இருக்கும்வரை அந்தக் கையில் கம்பி இருக்காது. விருந்தினர் கீழே மெயில் எழுதும் நேரமெல்லாம் குரங்கு மேலே பழம் உரித்துக்கொண்டிருந்தால் போதும். திட்டம் அருமையாக நடந்தது. ஒரு மாதத்துக்குள் குரங்கும் அதை வேறு பக்கத்திலிருந்து புரிந்துகொண்டது. பழம் வேண்டுமென்றால் கம்பியை ஆட்ட வேண்டும். ஆட்டினால் ஜியாவுல்லா வருவார். அவர் வந்தால் அவருடைய பையும் கூடவே வரும்.

ஆக, எந்த ஆபத்திலிருந்து காப்பாற்றப் பழம் கொடுத்தாரோ அந்த ஆபத்துக்குப் பழம் கொடுத்தே பயிற்சியும் அளித்துவிட்டார். இதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் குரங்குக்கு 'லைன்மேன்' என்று பெயர் வைத்து, அதைப் பணியாளர் வரிசையில் சேர்த்துக்கொண்டதோடு சரி.

அசல் லைன்மேன் மாறனுக்கு இதில் வருத்தம் உண்டு. ஒட்டைச் சரிசெய்ய ஏணியோடு வந்த ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"பாய், அதுக்கும் எனக்கும் ஒரே பேரா? சரி, இருக்கட்டும். இதுக்கு யாரு இப்பிடிப் பழக்கி வச்சது?"

"அதுவா பழகிக்கிச்சுங்க."

"நானும் எத்தினி தடவ வந்து ஏறி எறங்குறேன். எனக்கு ஒரு நாளாச்சும் ஒரு பழம் குடுத்துருக்கீங்களா?"

"நீங்க கம்பிய ஆட்டலியே."

மாறன் யோசித்துப் பார்த்தார். அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. கம்பியை ஆட்டுகிறவருக்குப் பழம். மொட்டை மாடியில் செல்லுபடியாகும் ஒரே சட்டம் அது.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் தென்றல் இல்லம். வேலூரில் அரிசி மண்டி வைத்திருக்கும் முதலாளி ஆதிமூலம் தன் மகளின் பெயரை அதற்கு வைத்தார். வீட்டுக்குள் வேறு எந்தத் தென்றலும் வந்ததாக யாரும் சொன்னதில்லை. வாசல் பலகையில் '24 மணி நேரமும் வெந்நீர், இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும். எந்த இருபத்துநான்கு மணி நேரம் என்று எழுதவில்லை. இரண்டும் சேர்ந்து வரும் என்றும் எழுதவில்லை. மாடி அறையில் யாராவது கீசரைப் போட்டால் கீழே கணினி கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் மேனேஜரின் கடமைகளில் ஒன்று, படிக்கட்டில் நின்று அண்ணாந்து குரல் கொடுப்பது.

"அஞ்சாம் நம்பர், ஒரு ரெண்டு நிமிஷம் குளிக்காம இருங்க. கீழ ஒருத்தர் லெட்டர் அனுப்புறாரு."

ஐந்தாம் எண் அறைக்காரர் சோப்பு நுரையோடு காத்திருப்பார். கடிதம் போனதும், "போயிடுச்சுங்க, ஊத்திக்கலாம்" என்று செய்தி மேலே போகும். அறைக்காரர் கடிதம் எழுதியவரைவிட நிம்மதியாவார்.

ஜியாவுல்லாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெள்ளை அரைக்கைச் சட்டை. அதன் பை, பழத்தின் வடிவத்துக்கே தொய்ந்து நிரந்தரமாக வளைந்துவிட்டது. அவருடைய மனைவி நசீம் பானு துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுத்தாலும் பை மட்டும் நிமிர மறுக்கிறது. "ஊர்ல மேனேஜருங்க பாக்கெட்ல பேனா வச்சிருப்பாங்க" என்பது பல வருடங்களாக நசீம் பானு வைத்துவரும் ஒரே புகார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இங்கே வந்தவர் ஜியாவுல்லா. அங்கே விருந்தினர்கள் மூட்டைப்பூச்சியைப் பற்றிப் புகார் செய்தார்கள். இங்கே இணையத்தைப் பற்றிச் செய்கிறார்கள். மூட்டைப்பூச்சிக்கு மருந்தாவது இருந்தது என்பார்.

அவர் வாயிலிருந்து 'நெட் இல்லை' என்ற வார்த்தையை இதுவரை யாரும் கேட்டதில்லை. "இருக்குதுங்க. கொஞ்சம் கம்மியா இருக்குது" என்பார். அடுத்த கட்டம், "வந்துகினே இருக்குது, வழில நிக்குது." மழை நாளில், "நனைஞ்சிருக்கும்ல, காய்ஞ்சதும் வந்துடும்." நிலைமை மிக மோசம் என்றால் மட்டும், "நீங்க மொதல்ல டிபன் சாப்பிட்டு வாங்க" என்பார். விஷயம் தெரிந்த பழைய விருந்தினர்கள் அந்த வாக்கியத்தைக் கேட்டதுமே அன்றைய மெயிலை மறந்துவிடுவார்கள்.

மனத்தை அடக்குவதற்காக உலகத்தின் பல மூலைகளிலிருந்து புறப்பட்டு வருகிறவர்கள்தான் அந்தச் சந்தில் அதிகம். அதிகாலையில் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் துரத்துவதில்லை. அதே ஆட்கள் பத்து மணிக்குக் கணினி முன்னால் அமர்ந்து, திரையில் அந்தச் சின்ன மணல்கடிகாரம் தோன்றி நகராமல் நின்றதும், நாற்காலியை உதைப்பார்கள். ஜியாவுல்லா அவர்களைக் குறை சொல்வதில்லை. "பாவம், காலைலேந்து அடக்கி வச்சிருந்தது. எங்கியாச்சும் வெளிய வரணும்ல" என்று சொல்லி, உதைபட்ட நாற்காலியின் காலைச் சரிபார்ப்பார்.

அவருக்கு மெயில் அனுப்பத் தெரியாது. வேலூரில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் உம்மே ஹானி அவருக்கு ஒரு முகவரி திறந்து கொடுத்திருக்கிறாள். அதை அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை. "இன்னாத்துக்கு? எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஜனங்க வாசல்லயே வந்து சொல்லிட்டுப் போவுதே" என்பார். ஆனால், யார் என்ன எழுதுகிறார்கள் என்பதைத் திரையைப் பார்க்காமலே சொல்லிவிட முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. கணினிக்கும் அவருடைய மேஜைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு உண்டு. பழத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்ததும் அதன் இந்தப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எழுத்துப் பொத்தான்களின் சத்தத்தை மட்டும் கேட்பார். சீராகத் தட்டினால் ஆபீஸ் விஷயம். தட்டி, நிறுத்தி, தட்டினால் வீட்டுக்கு. மெல்லத் தட்டினால் காதல். ஒரு முறை பெங்களூர்க்காரர் ஒருவர் நெடுநேரம் மென்மையாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஜியாவுல்லா அவருக்கு இல்லாத மரியாதையெல்லாம் செய்து, ஐந்தாம் எண்ணையும் குளிக்க விடாமல் வைத்திருந்தார். எழுந்து போனபிறகு பார்த்தால் திரையில் சீட்டாட்டம்.

ஒன்றில் மட்டும் அவர் தவறியதில்லை. கோபம். கோபமாக எழுதுகிறவர் பொத்தானை அழுத்துவதில்லை, குத்துகிறார். அது பிளைவுட்டில் அதிர்ந்து முதுகுக்கு வந்துவிடும்.

போன வருடம் ஒரு ஆள் அப்படிக் குத்தினார். சேலத்துக்காரர். தம்பிக்கோ யாருக்கோ எழுதினார். அன்றைக்கென்று மழை இல்லை, வெயில் இல்லை, லைன்மேன் தூங்கிக்கொண்டிருந்தது, கீசரை யாரும் தொடவில்லை. அனுப்பு என்று சொன்னதும் மெயில் பறந்துவிட்டது. அவர் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு தடுப்புக்கு மேலே தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"பாய், அனுப்புனத எப்பிடித் திரும்ப எடுக்கறது?"

அந்த ஆள் ஊருக்குக் கிளம்பும்வரை தினம் வந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தார். வரவில்லை. "அன்னிக்குன்னு பாத்து நெட்டு ஜோரா ஓடுச்சுங்க" என்று ஜியாவுல்லா இப்போதும் ஒரு விபத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அவர் தன் கொள்கையை வகுத்தார். "மொத தடவ எழுதுற மெயிலு நமக்கு. ரெண்டாந்தடவ எழுதுறதுதான் அவங்களுக்கு." மெதுவான இணையத்தை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் மேனேஜருக்கு இதைவிட வசதியான கொள்கை அமையாது.

பௌர்ணமியன்று மதியம், கடலூரிலிருந்து வந்திருந்த வேதா இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

நாற்பதை நெருங்கும் பெண். பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. அதனால் வலியோடு வருகிறவர்களிடம் 'கொஞ்சம் உட்காருங்க' என்று சொல்லிப் பழக்கம், தானே உட்காரப் பழக்கம் இல்லை. கிரிவலத்துக்காகச் செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கியிருந்தார். நடக்கிறவர்கள் சாயங்காலம்தான் செருப்பைக் கழற்றுவார்கள். வேதா காலையிலேயே கழற்றிவிட்டார். யார் மீதோ கோபம் என்பது அதிலேயே தெரிந்தது.

"பாய், நெட்டு வருதா?"

"வருதுங்க. பௌர்ணமி பாருங்க, ஊரே போன்ல பேசும், கொஞ்சம் கம்மியா வரும்."

"நாலு மணிக்குள்ள போயிடணும். போயிடுமா?"

"யாருக்குங்க?"

"வூட்டுக்காரருக்கு."

அவர் பெயர் இளவரசன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் அன்று டர்பன் துறைமுகத்தில் நின்றது. மதியச் சாப்பாடு முடிந்ததும், நம்மூர் நேரத்துக்கு நாலு மணி வாக்கில், கொஞ்ச நேரம் கரையில் இறங்க விடுவார்கள். அங்கே கப்பல்காரர்களுக்கென்று ஒரு கிளப், கிளப்பில் கணினி. அதைப் பார்த்துவிட்டு அவர் கப்பல் ஏறினால், அடுத்த கரை வரும்வரை மூன்று வாரம் தண்ணீர்தான். இந்த மாதம் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்ததும் இருவரும் சேர்ந்து மலையைச் சுற்றுவதாக வேண்டுதல். போன வாரம் மெயில் வந்தது. கப்பலில் இன்னும் நாலு மாதம் இருக்கச் சொன்னார்கள், சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று.

"யாரு கேட்டாலும் சரிம்பாரு, பாய். என்னியத் தவிர."

"போன் பண்ணிப் பேசிடலாமேங்க."

"போன்ல பேசுனா நான் அழுதுடுவேன். அழுதா அவரு ஜெயிச்சிடுவாரு."

ஜியாவுல்லா தலையசைத்தார். நசீம் பானுவோடு முப்பது வருடம் வாழ்ந்தவருக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை.

"அதான், எழுதியே முடிச்சிடலாம்னு வந்துட்டேன். தனியாவே சுத்திட்டேன், இனிமே நீங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான், கப்பல்லயே குடும்பம் நடத்துங்கனு எழுதப் போறேன்."

"இன்னும் சுத்தலியேங்க நீங்க."

"எழுதிட்டுச் சுத்துவேன்."

நாற்காலி இழுபட்டது. ஜியாவுல்லாவின் கை தானாக இழுப்பறைக்குப் போனது. இரண்டு பழங்களோடு மாடி ஏறினார். அவருடைய எண்ணம் முழுவதும் நல்லதாகவே இருந்தது. கப்பல் புறப்படுவதற்குள் அந்த அம்மாவின் கடிதம் போய்ச்சேர வேண்டும். கம்பி அசையக் கூடாது.

மாடியில் லைன்மேன் இல்லை.

பௌர்ணமி என்றால் அது விடுப்பு எடுத்துவிடும். கிரிவலப் பாதையில் அன்று பன்னும் பழமும் புளியோதரையும் தரையெங்கும் கிடைக்கும்போது, ஒரு ஏலக்கிக்காக யார் கம்பியை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்? பக்கத்துக் கட்டடங்களிலும் ஒரு குரங்கு இல்லை. அதன் குடும்பம், உறவு, பகையாளிகள் உட்பட எல்லோரும் சாலைக்குப் போயிருந்தார்கள். மலை மட்டும் பட்டப்பகல் வெயிலில் வெளிறி நின்றது. கீழே செங்கம் சாலையில் பேருந்துகள் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போவதும், தண்ணீர்ப் பந்தலில் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்ப்பதும் கேட்டன. கம்பி அசைவில்லாமல், நேர்க்கோடு போட்டதுபோல நின்றது. அவர் மேனேஜரான நாளிலிருந்து இத்தனை ஒழுங்காக அதைப் பார்த்ததில்லை.

நிம்மதியாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வரவேற்பறையின் காற்றுப்போக்கி மாடிச் சுவருக்கு நேர் கீழே இருந்தது. அதன் வழியாகப் பொத்தான்கள் ஒலித்தன.

குத்து. ஒவ்வொரு எழுத்தும் குத்து.

சேலத்துக்காரரின் தலை தடுப்புக்கு மேல் எழுந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மழை இல்லை. கீசர் போட யாருமில்லை, எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். லைன்மேன் விடுப்பு. இன்றைக்கும் நெட்டு ஜோராகத்தான் ஓடப்போகிறது. மெயில் ஒரு நொடியில் பறந்துபோய், டர்பனில் சாப்பாட்டு மணத்தோடு கரை இறங்குகிற ஒரு மனிதரின் முன்னால் திறந்துகொள்ளும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரம் தண்ணீரில் போவார். அந்த அம்மா இங்கே தனியாக ஒரு மலையைச் சுற்றிவிட்டு, தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கேட்கப் போகிறார்.

அடுத்தவர் குடும்பத்தில் மேனேஜர் தலையிடக் கூடாது. இது லாட்ஜ் தொழிலின் அடிப்படை. அந்த அடிப்படையில் உறுதியாக நின்றுகொண்டு ஜியாவுல்லா கம்பியைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். கீழே குத்து நின்றது. அனுப்பப் போகிறார்.

ஜியாவுல்லா கையை நீட்டிக் கம்பியைப் பிடித்து ஆட்டினார். லைன்மேன் எப்படி ஆட்டுமோ அப்படியே. இத்தனை வருடம் பார்த்ததில் அந்த மணிக்கட்டுச் சுழற்சி அவருக்கு நன்றாகவே வந்தது.

கீழே வந்தபோது வேதா திரையை முறைத்துக்கொண்டு நின்றிருந்தார். மோடத்தில் மூன்றாவது பச்சை விளக்கு அணைந்து கிடந்தது. அது எரிந்தால்தான் எல்லாம்.

"போச்சு, பாய். அனுப்பறேன், அப்ப பாத்து போச்சு. எழுதுனதும் காணோம்."

"வந்துடுங்க. வழில நிக்குது."

"எவ்ளோ நேரம்?"

"ஜல்தி வந்துடும்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு வேர்த்தது. குரங்கு ஆட்டினால் கொஞ்ச நேரத்தில் ஒட்டு தானாக உட்கார்ந்துவிடும். மனிதன் ஆட்டினால் உட்காருமா என்று இதுவரை யாரும் சோதித்ததில்லை. அதிலும் பௌர்ணமி. மாறனைக் கூப்பிடலாம் என்றால் மாறன் இன்று காக்கிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மலையைச் சுற்றிக்கொண்டிருப்பார். விளக்கு ஒரு முறை மினுங்கி, யோசித்து, மறுபடி அணைந்தது. சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது.

ஜியாவுல்லாவுக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் டீ. எதிர்க் கடையிலிருந்து இரண்டு டீ வரவழைத்து, ஒன்றை வேதாவுக்கு நீட்டினார். அவர் வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"உங்க வூட்டுக்காரரு இன்னா சமைப்பாருங்க, கப்பல்ல?"

"அவங்களுக்கு வேண்டியத. ரொட்டி, கறி, சூப்பு. ஒண்ணும் வாய்ல வைக்க முடியாதாம்." வேதா கொஞ்சம் நிறுத்தினார். "கேப்டனுக்குச் சளி புடிச்சிருந்ததுனு ஒரு நாளு மொளகு ரசம் வச்சுக் குடுத்தாராம். அதுலேந்து அந்த ஆளு டெய்லி ரசம் கேக்கறானாம். பேரு சொல்லத் தெரியாம, 'மருந்து சூப்பு, மருந்து சூப்பு'ங்கிறானாம்."

"நல்லா வைப்பாரோ?"

"எங்க வூட்ல வச்சா உப்பு ஜாஸ்தி ஆயிடும். நான் கூடவே நின்னு கத்தணும், போதும் போதும்னு." டீயை ஒரு வாய் குடித்தார். "அங்க யாரு நின்னு கத்தறாங்களோ."

இதைச் சொன்னபோது அவர் முகம் வேறு எங்கோ போய்விட்டது. ஜியாவுல்லா மோடத்தை முறைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, இன்டர்நெட் சீக்கிரம் வரவேண்டுமே என்று அவர் வேண்டிக்கொண்டார். இத்தனை நாள் விருந்தினர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. நாற்காலியின் காலை உதைக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

"வரலன்னா?" என்றார் வேதா.

"வரும்."

"பதில் வரலியேனு ஒக்காந்திருப்பாரு, பாய். ஒரு வாரமா நான் ஒண்ணும் எழுதல. கண்ணாடி வேற போடாம, ஸ்கிரீன்ல மூக்க ஒட்ட வச்சுக்கினு."

விளக்கு மினுங்கியது. அணைந்தது. மினுங்கியது. நின்றது. ஜியாவுல்லா மூச்சைக்கூட விடாமல், தூங்கும் குழந்தையை விட்டு நகர்வதுபோல மோடத்தை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஒக்காருங்க. இப்ப எழுதுங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாடிக்குப் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்திருந்தால் அந்தச் சந்திலேயே மிகத் தீவிரமான தியானி அவர்தான் என்று சொல்லியிருப்பீர்கள்.

தட்டல் ஒன்று கேட்டது. நின்றது. இன்னும் சில. நீண்ட இடைவெளி. பிறகு ஒரே பொத்தானைத் தொடர்ந்து பல தடவை தட்டும் சத்தம், எழுதியதை அழிக்கும்போது வருவது. மறுபடி சில எழுத்துகள், பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல மென்மையாக. பிளைவுட் அதிரவே இல்லை. முன்பு எழுதியதில் கால் பங்கு நேரம்கூட ஆகவில்லை. கடைசியாக ஒரு தட்டல்.

மணல்கடிகாரம் வந்திருக்கும். ஜியாவுல்லா கண்ணைத் திறக்கவில்லை.

"போயிடுச்சு, பாய்."

மணி நாலாகவில்லை. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வேதா படியேறிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பையோடு இறங்கி வந்து சாவியை மேஜையில் வைத்தார். காலில் செருப்பு இருந்தது.

"சுத்தலீங்களா?"

"அடுத்த தடவ வரேன்" என்றார் வேதா. "கோயில்ல ஒரு கும்புடு போட்டுட்டு பஸ் ஏறிடறேன்."

"இன்னிக்கே பஸ்ல எடம் கெடைக்குங்க. நாளைக்கு ஊரே கெளம்பும்."

அவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். பல் மருத்துவரிடம் வலியை மறைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் ஜியாவுல்லாவின் முகத்தில் நின்றன.

"நடுவுல ஏன் பாய் கட்டாச்சு?"

"கொரங்குங்க. மாடில கம்பிய ஆட்டிடும்."

"கொரங்கா? எல்லாம் ரோட்ல இல்ல பன்னு தின்னுக்கினு இருக்குது. காலைல பாத்தேனே."

"ஒண்ணு மட்டும் லீவு எடுக்கலீங்க" என்றார் ஜியாவுல்லா.

வேதா அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு படி இறங்கிப் போனார். மலையைச் சுற்ற எதிரே திரண்டு வரும் வெறுங்கால் கூட்டத்தில், பேருந்து நிலையம் நோக்கிப் போகும் அந்த ஒரு ஜோடிச் செருப்பு கொஞ்ச தூரம் கண்ணில் பட்டது.

ஜியாவுல்லா மேஜைக்குத் திரும்பினார். பையில் பழங்கள் இரண்டும் அப்படியே இருந்தன, கொஞ்சம் நசுங்கி. இழுப்பறையைத் திறந்து ஒன்றை உள்ளே வைத்தார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தோலை மூன்றாக உரித்து, தானே தின்னத் தொடங்கினார்.